முப்பத்தெட்டுத் துடிப்புக்காரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருதயமேரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவள் கையில் கட்டியிருந்த நாடிப்பட்டை, அவள் சாகப்போகிறாள் என்று தானாகவே முடிவு செய்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டது.

பட்டை அப்போது ஊருக்குப் புதிது. தூத்துக்குடியில் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பாதிரியார் வரை எல்லோர் மணிக்கட்டிலும் அது ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நடந்தாய், எவ்வளவு தூங்கினாய், இதயம் நிமிஷத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று சொல்லும். நாற்பதுக்குக் கீழே போனால் பதறிவிடும். மேரியின் இதயமோ விழித்திருக்கும்போதே முப்பத்தெட்டு. தூங்கினால் இன்னும் குறையும்.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார்கள். மேரிதான் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே கதவைத் திறந்தாள். நோயாளி எங்கே என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் உள்ளேயிருந்து ஓடிவந்தான். பட்டையில் வந்திருந்த எச்சரிக்கையைப் படித்தான், மனைவியைப் பார்த்தான், மறுபடி பட்டையைப் பார்த்தான். அவனுடைய துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டி, கண் இருட்டி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். வந்தவர்கள் வந்ததற்கு அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். மேரி பின்னாலேயே ஸ்கூட்டரில் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுகந்தி இருவரையும் பார்த்தார். மேரி பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர், ஒரு காலத்தில் மாநிலத்துக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடியவள், இப்போதும் தினமும் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவள் என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

"தலை சுத்தல், மயக்கம் ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"அப்போ உங்க இதயம் ரொம்ப நல்லா இருக்கு. மத்தவங்க இதயம் ரெண்டு தடவை அமுக்கித் தள்ளுற ரத்தத்தை, ஓடிப் பழகுன இதயம் ஒரே அமுக்குல தள்ளிடும். பெறகு அது ஏன் அவசரப்படணும்? மயக்கம் வந்தா மட்டும் உடனே வாங்க. பட்டைக்கு ஓட்டக்காரி யாரு, நோயாளி யாருன்னு தெரியாது. அதைச் செஞ்சவன் எல்லாருக்கும் ஒரே கணக்கு வச்சிருக்கான்." பிறகு மேரியின் பட்டையில் எச்சரிக்கையை அணைத்துவிட்டு, ஸ்தனிஸ்லாஸ் பக்கம் திரும்பி, அவன்தான் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றார்.

எல்லாருக்கும் ஒரே கணக்கு என்று டாக்டர் சொன்னதை அன்றைக்கு இரண்டு பேரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது பட்டையில் புதிதாக ஒரு சின்ன விளக்கு வந்தது. கேள்விக்குப் பதில் சொல்லும்போது துடிப்பு தொண்ணூறுக்குள் இருந்தால் பச்சை எரியும், எப்போது தாண்டினாலும் சிவப்பு. கம்பெனிக்காரர்கள் அதற்கு 'மனநிலை காட்டி' என்று பேர் வைத்து, மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உதவும் என்றார்கள். ஊர் அந்தப் பேரை வாங்கிக்கொள்ளவேயில்லை. பச்சை என்றால் நிஜம், சிவப்பு என்றால் பொய், தீர்ந்தது கதை.

கோர்ட் அதை ஏற்கவில்லை. ஆனால் கோர்ட்டுக்கு எத்தனை பேர் போகிறார்கள்? மீன் வாங்குகிறவர்கள் 'இன்னைக்குப் பிடிச்சதா?' என்று கேட்டுவிட்டு மீனின் செவுளைப் பார்க்காமல் விற்கிறவளின் கையைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் கையைப் பெண்ணின் மாமா பிடித்துக்கொண்டார். முழுக்கைச் சட்டை போட்டவர்களை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. அந்த வருஷ வெயிலில் யார் முழுக்கை போடுவார்கள், மறைக்க ஏதாவது இருந்தால் ஒழிய?

இதில் முதலில் அடிபட்டது ஸ்தனிஸ்லாஸ்தான். அவனைப் போல் பொய் சொல்லத் தெரியாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்தாலே அவனுக்கு எண்பத்தாறு. யாராவது 'ஏய் தனிசு' என்று கூப்பிட்டால் நூறு. கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்தான். அரிசி, வெங்காயம், கயிறு, பெயின்ட், உறைய வைத்த இறைச்சி என்று எல்லாமே அவன் பொறுப்பு. பத்து வருஷத்தில் ஒரு எலுமிச்சம்பழம் குறைந்ததில்லை. இருந்தும் வாசல் கேட்டுக்கு வந்த புது வாட்ச்மேன் பேரென்ன என்று கேட்டபோது, "ஸ்தனிஸ்லாஸ் பர்னாந்து" என்று அவன் சொல்ல, சிவப்பு எரிந்தது. வாட்ச்மேன் அவனை அரைமணி நேரம் உள்ளே விடவில்லை.

மேரிக்கு நடந்தது நேர் எதிர். பக்கத்து வீட்டு ரெஜினாளின் மகள் கோயில் பாடற்குழுவில் சேர்ந்திருந்தாள். குழந்தைக்கு நல்ல மனது, நல்ல முகம், தாளம் மட்டும் கிடையாது. ரெஜினாள் தெருவில் ஒவ்வொருவராகப் பிடித்து, பிள்ளை பாடியது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் பிரமாதம் என்றார்கள், எல்லோருக்கும் சிவப்பு. கடைசியாக மேரியிடம் வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. மேரி, "தேன் மாதிரி பாடுறா" என்றாள். பச்சை எரிந்தது. ரெஜினாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

அன்று மாலை மேரி தன் பட்டையில் பதிவான எண்களை எடுத்துப் பார்த்தாள். ஓட்டக்காரிக்கு அது பழக்கம். மற்றவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள், அவள் எண்ணைப் பார்த்தாள். தேன் என்று சொன்ன நிமிஷத்தில் முப்பத்தெட்டு நாற்பத்தேழாகியிருந்தது. பொய் சொன்னால் அவள் இதயமும் எல்லோருடையதையும் போலத்தான் துள்ளியது. ஆனால் எவ்வளவு துள்ளினாலும் தொண்ணூறு அதற்கு எட்டாத உயரம்.

விஷயம் பரவியது. மேரி டீச்சருக்குச் சிவப்பே விழாது, அவள் சொன்னால் சத்தியம் என்று தெருவில் பேச்சாயிற்று. புதுச் சேலை எடுத்தவர்கள் உடுத்திக்கொண்டு வந்து நின்றார்கள். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, அழகாக இருக்கிறதா என்று கேட்டார்கள். கவிதை எழுதுகிற தபால்காரர் ஒருவர் வாரம் ஒரு முறை வந்தார். பக்கத்துச் சந்தில் இரண்டு அண்ணன் தம்பிகள் பொதுச்சுவர் தகராறில் பேசாமலிருந்தார்கள். மேரி தம்பியிடம், 'உங்க அண்ணன் உங்களைப் பத்தி நல்லாத்தான் பேசுறார்' என்று சொல்ல, அண்ணனிடமும் தம்பியைப் பற்றி அதையே சொல்ல, அந்த வார மீன்குழம்பு சுவருக்கு மேலே கைமாறியது. யாருக்கும் கெடுதல் இல்லையே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஸ்தனிஸ்லாஸுக்கு இதில் வேறு ஒரு வருத்தம். கல்யாணமாகி எட்டு வருஷம், பட்டை கட்டியதிலிருந்து தன்னால் அவள் இதயம் ஒரு துடிப்பாவது கூடியதாக அவன் பார்த்ததில்லை. மல்லிகைப்பூ வாங்கி வந்தான், முப்பத்தெட்டு. கல்யாண நாளுக்குச் சேலை எடுத்தான், முப்பத்தெட்டு. அவள் பார்க்காதபோது எட்டி எட்டிப் பார்ப்பான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டான்.

"சாளை மீனுக்குப் பேரம் பேசும்போது உனக்கு அம்பத்திரண்டு போச்சு. நான் பாத்தேன்."

"அது கோவத்துல."

"என் மேல கோவமாவது படலாம்ல?"

அவள் சிரித்தாள். அன்பு என்பது இதயம் படபடப்பதல்ல, அவனைப் பார்த்தால் தனக்கு நிம்மதியாக இருக்கிறது, நிம்மதியில் துடிப்பு ஏன் ஏறும் என்று விளக்கினாள். சொல்லும்போது பச்சை எரிந்தது. ஆனால் ரெஜினாள் மகள் பாட்டுக்கும் அதே பச்சைதான் எரிந்தது என்பது அவனுக்குத் தெரியும். அதுதான் சிக்கல்.

அந்தச் சமயத்தில் துறைமுகத்துக்கு ஒரு ஒல்லாந்து நாட்டுக் கப்பல் வந்தது. அதன் கேப்டனுக்கு விருந்து ஏதோ வைக்க வேண்டியிருந்ததால், பாலாடைக்கட்டி ஒன்று கேட்டிருந்தார். சின்னக் கட்டியல்ல, தேங்காய் வண்டியின் சக்கரம் போல வட்டமாக, மெழுகு பூசி, இரண்டு பேர் தூக்கும் கனத்தில் ஒன்று. கம்பெனி அதை எங்கிருந்தோ வரவழைத்துக் குளிர் அறையில் வைத்திருந்தது. முந்தின நாள் மத்தியானம் வரை இருந்தது, கப்பலுக்கு அனுப்ப வேண்டிய அன்று காலை போய்ப் பார்த்தால் இல்லை. கேப்டனுக்குச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்த பாலாடைக்கட்டி அனுப்பினார்கள். அவர் அதைத் திருப்பி அனுப்பியதோடு, இனி வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

கம்பெனி முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி நல்ல மனிதர். அதனாலேயே பட்டையை முழுசாக நம்பினார். ஆளைச் சந்தேகப்படுவது பாவம், பட்டை சொல்லட்டும் என்பது அவர் கட்சி. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். எல்லோருக்கும் பச்சை, ஸ்தனிஸ்லாஸுக்குச் சிவப்பு. அவனுக்கு எதற்கும் சிவப்புதான் என்று மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் குளிர் அறைச் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒன்று அவனிடம், மற்றது மேனேஜர் பொன்னுலிங்கத்திடம். மேனேஜருக்கு அழகான, அசையாத பச்சை.

பொன்னுலிங்கத்தை மேரிக்குத் தெரியும். காலையில் அவள் ஓடும்போது எதிரே சைக்கிளில் வருவார். திருச்செந்தூர் வரை மிதித்துவிட்டு ஆபீஸுக்குப் போகிறவர். ஐம்பதை நெருங்கியும் வயிறு தட்டையாக, தொடை இரண்டும் தேக்கு உருட்டு மாதிரி இருக்கும். வணக்கம் சொன்னால் கையைத் தூக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஸ்தனிஸ்லாஸை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை, அவனுக்காக யாராவது பேசுவதானால் அழைத்து வரலாம் என்றார் அண்ணாச்சி. இரக்கத்தோடுதான் சொன்னார். மேரி டீச்சரைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

மேரிக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பாலாடைக்கட்டி காணாமல் போன அன்று சாயங்காலம் முழுக்க அவர் என்னோடு வீட்டில் இருந்தார். இந்த ஒரு வரி போதும், பச்சை எரியும், வேலை திரும்பிவிடும். அவன் வீட்டில் இருந்தது உண்மை. அவள் இல்லை. பள்ளியில் விளையாட்டு விழா ஒத்திகை முடிந்து இருட்டிய பிறகுதான் வந்திருந்தாள்.

"நீ பாக்காததைப் பாத்தேன்னு சொல்லாத, மேரி" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"பச்சைதான் விழும்."

"தெரியும். அதனாலதான் சொல்லாதங்கேன்."

அவள் முடிவை மாற்றவில்லை. நல்லவனாக இருந்து ஊர் சிரிக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட ஒரு பொய் பெரிதல்ல என்று நினைத்தாள். இத்தனை பேருக்காகச் சொன்னவள் சொந்தப் புருஷனுக்காகச் சொல்லக் கூடாதா?

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியின் அறையில் நான்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் அண்ணாச்சி, பக்கவாட்டில் பொன்னுலிங்கம், எதிரே மேரியும் ஸ்தனிஸ்லாஸும். முதலில் எல்லோருக்கும் டீ வந்தது. அண்ணாச்சி மேனேஜரிடம் சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றார் அவர். பழக்கதோஷத்தில் மேரி அவர் பட்டையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. நல்ல இதயம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அண்ணாச்சி முறைக்காக மேனேஜரிடமே ஆரம்பித்தார். அன்றைக்குக் குளிர் அறையை அவர் திறந்தாரா? "இல்ல அண்ணாச்சி." பச்சை. ஆனால் பச்சைக்கு மேலே எண் ஐம்பதாகியிருந்தது.

மேரி டீயைக் கீழே வைத்தாள். இன்னொரு முறை கேட்கும்படி அண்ணாச்சியிடம் சொன்னாள். அவர் புரியாமல், பாலாடைக்கட்டி எங்கே போயிற்று என்று மேனேஜருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் பொன்னுலிங்கம், அமைதியாக, கொஞ்சம் சலித்துக்கொண்டு. பச்சை. ஐம்பத்திரண்டு. சர்க்கரைக்கு நாற்பத்தொன்று, பாலாடைக்கட்டிக்கு ஐம்பத்திரண்டு. இந்த ஏற்றத்தை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் யார்? ஒவ்வொரு சேலைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவள் தன் கையில் பார்த்தது இதுதான்.

அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டீச்சர். அன்னைக்கு சாயங்காலம் இவர் எங்க இருந்தார்?"

வரி தயாராக இருந்தது. சொன்னால் போதும், வீட்டுக்குப் போகலாம். ஆனால் பக்கத்தில் ஸ்தனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்த விதத்தை அவள் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, பட்டை எல்லோருக்கும் தெரியும்படி மணிக்கட்டை மேல்நோக்கித் திருப்பி வைத்திருந்தான். அது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மறைப்பது சரியல்ல என்று அவனுக்கு எண்ணம். ஒரு முறைகூட அந்தக் கையை அவன் கீழே தொங்கவிடவில்லை.

மேரி தன் கையையும் மேஜை மேல் எடுத்து வைத்தாள்.

"அவர் வீட்டுல இருந்தார். ஆனா நான் இல்ல, அதனால அதை நான் சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. தன் இதயத்துக்கும் மேனேஜருடைய இதயத்துக்கும் பச்சை என்பதற்கு அர்த்தமே இல்லை, ஓடுகிறவர்களும் மிதிக்கிறவர்களும் எந்தப் பொய்யைச் சொன்னாலும் தொண்ணூறைத் தொட மாட்டார்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள் என்றாள். ஒரு வருஷமாகத் தெருவில் தான் சொன்னதில் பாதிக்கு மேல் பொய் என்றாள். ரெஜினாள் மகளுக்குப் பாட வராது என்றாள். தபால்காரரின் கவிதை ஒன்றும் தனக்குப் புரிந்ததில்லை என்றாள். தன் புருஷன் பட்டை எப்படி எரிந்தாலும் அவன் வாயில் பொய் வந்ததில்லை, இந்த அறையில் திருடியவர் ஒருவர் இருக்கிறார், அவர் சர்க்கரை போதும் என்று சொன்னவர் என்றாள்.

சொல்லி முடித்து நிமிர்ந்தாள். அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றார் வருத்தமாக, "உங்களுக்குச் சிவப்பு விழுது."

மேரி குனிந்து பார்த்தாள். தொண்ணூற்றேழு. உட்கார்ந்த இடத்தில் அவள் வாழ்க்கையில் பார்க்காத எண்.

"நிஜத்தைச் சொல்லுதேன் அண்ணாச்சி, அதான்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். புருஷனுக்காக ஒரு மனைவி இவ்வளவு தூரம் போவது தனக்குப் புரிகிறது, மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். பொன்னுலிங்கம் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஸ்தனிஸ்லாஸின் வேலை போயிற்று.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரை மேரி ஓட்டினாள். பின்னால் அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அழுகிறானோ என்று அவள் பயந்தாள். தேவர்புரம் தாண்டியதும் அவன் முன்னால் குனிந்து அவள் காதருகே சொன்னான்.

"தொண்ணூத்தேழு."

"வேலை போயிருக்கு. நீங்க என்ன நெனச்சுக்கிட்டு வாறீங்க?"

"வேலை போகட்டும். தொண்ணூத்தேழு, மேரி." கண்ணாடியில் பார்த்தால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

தெருவில் நல்ல சண்டை காத்திருக்கும் என்று நினைத்துத்தான் மேரி மறுநாள் கதவைத் திறந்தாள். கம்பெனி அறையில் பேசியது அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது. ரெஜினாள் வந்தாள், கையில் ஒரு கிண்ணத்தில் பாயசம். உட்கார்ந்து மேரியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"விடுங்க டீச்சர். புருஷனுக்காக ஒரு பொய் சொன்னீங்க. நான் உங்க எடத்துல இருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

எது பொய் என்று மேரி கேட்டாள்.

"எம்பிள்ளைக்குப் பாட வராதுன்னு சொன்னது. சிவப்பு எரிஞ்சதாமே."

தபால்காரர் வந்து தான் மன்னித்துவிட்டதாகச் சொல்லி, புதுக் கவிதை ஒன்றைப் படித்துக் காட்டினார். சேலைக்காரிகள், குழந்தைக்காரிகள் எல்லோரும் அப்படியே. அவள் முன்பு சொன்னதெல்லாம் பச்சையில் சொன்னது, எனவே நிஜம். நேற்றுச் சொன்னது மட்டும் சிவப்பில் சொன்னது, எனவே பொய். கணக்கு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பொதுச்சுவர் அண்ணன் தம்பிகூட, இவ்வளவு நாள் பேசியாயிற்று, இனி மறுபடி சண்டையை ஆரம்பிப்பது சிரமம் என்று விட்டுவிட்டார்கள். யாரும் அவளை நம்பவில்லை.

நம்பவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் அடுத்த வாரம் கடற்கரைச் சாலையில் மேரி ஓடப் போனபோது அவளுக்கு இடமில்லை. வீட்டு புரோக்கர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கட்சிக் கவுன்சிலர்கள், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒரே வேகத்தில் மூச்சிரைத்துக்கொண்டு போனார்கள். புது மாப்பிள்ளைகள் கூட்டமாக ஓடினார்கள். மீன் விற்கிறவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகநடை போட்டாள். ஒருவரும் ஒருவரையும் பார்த்துக்கொள்ளவில்லை. கேட்டால், சர்க்கரை வியாதி, டாக்டர் சொன்னார் என்றார்கள். ஓட்டத்தில் துடிப்பு ஏறிக் கிடந்ததால், அப்போது எல்லோருக்கும் சிவப்பு. டாக்டர் சுகந்தி, தன் அனுபவத்தில் ஊர் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை என்று மேரியிடம் சொன்னார். காரணம் தெரியாமல் சந்தோஷப்பட்டார். மேரி சொல்லவில்லை.

வேலையில்லாத ஸ்தனிஸ்லாஸும் ஓட வந்தான். அவனுக்குப் பொய் சொல்லும் ஆசையெல்லாம் இல்லை. காலையில் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் லைட் கம்பத்துக்கு லைட் கம்பம் நின்றான். மேரி பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குவது போலவே அவனையும் பழக்கினாள். நடை, பிறகு மெதுவோட்டம், பிறகு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட்டம். மாதங்கள் போக, அவனுடைய எண்பத்தாறு எழுபதானது, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஆள் இளைத்து, சட்டை தொளதொளத்தது. ஒரு நாள் யாரோ அவனிடம் பேர் கேட்டபோது பச்சை எரிந்தது. அவன் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் பொன்னுலிங்கம் சைக்கிளிலிருந்து விழுந்தார். ஆறுமுகநேரி அருகே ஒரு ஆட்டுக்கு வழிவிடப் போய்க் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப்போட்டு, படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிதித்துப் பழகிய உடம்பு படுத்தால் என்ன ஆகும் என்று மேரிக்குத் தெரியும். வாரத்துக்கு வாரம் இதயம் சோம்பேறியாகும், அதே ரத்தத்துக்கு அடிக்கடி துடிக்க வேண்டிவரும். பொன்னுலிங்கத்துக்கு அது தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரிந்தும் அவரால் என்ன செய்ய முடியும், கட்டுப்போட்ட காலோடு?

கோமதிநாயகம் அண்ணாச்சி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். கால் எப்படி இருக்கிறது, மருமகன் எப்படி இருக்கிறார் என்று எல்லாம் பேசி, பேச ஒன்றுமில்லாமல் போனபோது, சும்மா கேட்டுவைத்தார்: அந்த ஒல்லாந்துக் கப்பல் மறுபடி வருகிறதாம், அந்தப் பாலாடைக்கட்டி கடைசி வரை கிடைக்கவேயில்லையே.

"ஆமா அண்ணாச்சி, கிடைக்கல" என்றார் பொன்னுலிங்கம். போர்வைக்கு மேலே கிடந்த கையில் சிவப்பு எரிந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அண்ணாச்சி சந்தேகப்பட்டு வந்தவரல்ல. ஆனால் சிவப்பை நம்பும் மனிதர். மெதுவாக, ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்த மேனேஜரின் மனைவியைப் பார்த்தார். அந்தம்மாளுக்கும் சிவப்பு, அவரிடம் யாரும் ஒன்றும் கேட்காமலேயே. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. மேனேஜர் உடம்பை ஏற்றப் புரதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முட்டை அலுத்துவிட்டது, கடையில் விற்கும் மாவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குளிர் அறையில் அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் மனது கேட்கவில்லை, ஆள் இல்லாத நேரத்தில் தனியாகவே உருட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று மாதம், தினமும் காலையில் ஒரு துண்டு. அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் மணக்கும் மணத்துக்கு மனைவி இரண்டு முறை கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாராம். மெழுகுத் தோல் மட்டும் மிச்சம் இருந்தது. எறிந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தார்.

அண்ணாச்சி நேரே மேரியின் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்ததில் அவர் பட்டை சிவப்பாக எரிந்தது. அதை மறு கையால் மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எண்ணைப் பாருங்கள் என்று டீச்சர் சொன்னபோது தான் நிறத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தான். திங்கட்கிழமையே வேலைக்குப் போனான், மேனேஜராக. அடுத்த ஒல்லாந்துக் கப்பலுக்குப் பாலாடைக்கட்டிச் சக்கரத்தைத் தானே லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து துறைமுகம் வரை கொண்டுபோனான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஓடி, பூசைக்குப் போய்விட்டு வர நேரமாகிவிட்டது. மேரி அவசர அவசரமாக ஊளி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். ஸ்தனிஸ்லாஸ் நல்ல பசியில் இருந்தான். சோற்றைக் குழைத்து இரண்டு கவளம் வாயில் போட்டான்.

"எப்படி இருக்கு?" என்றாள் மேரி, தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே.

"பிரமாதம்" என்றான் அவன்.

பச்சை எரிந்தது. அவள் தன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டு ஒரு கவளம் சாப்பிட்டாள். உப்பே போடவில்லை. புளித்தண்ணீரில் மீனை அலசியது போல இருந்தது. அவள் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து, முள்ளைக் கவனமாக ஒதுக்கி, விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் கையைப் பார்க்கலாம் என்று தோன்றியது. எண் அங்கேதான் இருக்கும், அவளுக்குப் படிக்கத் தெரியும்.

அவள் பார்க்கவில்லை. நிஜமாகவே நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று தட்டை நீட்டினான் ஸ்தனிஸ்லாஸ்.

மேரி ஊற்றினாள்.